அப்பாவின் புதன்கிழமைப் பாட்டு

பார்க்கின்சன் என்றதும் எல்லாரும் கையைத்தான் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அப்பாவின் வலது கையை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் சுகம் விசாரிப்பார்கள். நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதுதான் நோய் என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கோ அது அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. கை மடியில் சும்மா கிடக்கும்போது ஆடும். கோப்பையைத் தூக்கப் போனால் அநேகமாக அடங்கிவிடும். அவரை எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தது குரல்.

குரல் குறைவது வெளியாட்களுக்குத் தெரியாது. இன்ன நாள் தொடக்கம் என்று சொல்லவும் முடியாது. எங்களுக்கு முதலில் தொலைபேசியில்தான் பிடிபட்டது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா எடுப்பார், லண்டனிலிருந்து மாமி எடுப்பா, ஊரிலிருந்து பெரியம்மா எடுப்பா. அப்பா இரண்டு வசனம் கதைத்ததும் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணை, ஒண்டும் கேக்கேல்லை, லைன் சரியில்லைப் போல. அண்ணியிட்டக் குடுங்கோ" என்று வரும். அப்பா மறுபேச்சில்லாமல் அம்மாவிடம் நீட்டிவிடுவார். பிறகு மணி அடித்தாலும் எடுப்பதை விட்டுவிட்டார். கலியாண வீட்டில், கோயில் மண்டபத்தில், அப்பா இருக்கிற மேசைக்கு வந்து அம்மாவிடம் கேட்பார்கள்: "அவருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?" மனிசன் பக்கத்திலேயே இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும், புத்தி தெளிவு, சீனி வேண்டுமா வேண்டாமா என்று அவருக்குச் சொல்லத் தெரியும். அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு நிற்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

பார்க்கின்சன் உள்ளவர்கள் சேர்ந்து பாடும் குழு ஒன்றுக்கு அப்பா இங்கே மெல்பேர்ணில் கிழமைதோறும் போய்வருகிறார். அங்கே நான் பார்த்ததையும், பார்த்தபின் தேடி வாசித்ததையும் எழுத வேண்டுமென்று கனநாளாய் மனதில் கிடந்தது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

அப்பா யாழ்ப்பாணம் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். தமிழோ ஆங்கிலமோ, அவர் எழுதினால் அச்சில் ஏற்றியது மாதிரித்தான் இருக்கும். நோய்க்கு ஒரு பெயர் வைக்கப்படுவதற்கு முதலே அந்த எழுத்து சிறுக்கத் தொடங்கியிருந்தது. வரி தொடங்கும்போது ஓரளவு இருக்கும், முடியும்போது பூதக்கண்ணாடி கேட்கும். நடையும் அப்படியே, அடி குறுகிக் குறுகி, கடைசியில் காலை இழுத்து நடந்தார். முகத்தில் சிரிப்புக் குறைந்தது, கண் இமைப்பதும் குறைந்தது. இதெல்லாம் வேறுவேறு கோளாறு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். நரம்பியல் வைத்தியர்தான் எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டினார். மூளையின் அடித்தண்டுப் பக்கமாக, கரும்பொருள் எனப்படும் ஒரு சின்ன இடத்தில் டோபமைன் சுரக்கும் கலங்கள் அழிந்துகொண்டு போகின்றன. ஒரு அசைவு எவ்வளவு பெரிதாக, எவ்வளவு விசையாக இருக்க வேண்டும் என்று அளந்து கொடுப்பதில் அந்தத் தொகுதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அளவு தவறினால் எழுத்தும் சிறுக்கும், அடியும் சிறுக்கும், குரலும் சிறுக்கும். நெஞ்சுக்கூட்டின் தசைகள் இறுகுவதால் மூச்சு ஆழமாக இறங்காது. குரல் நாண்கள் இரண்டும் முழுதாக ஒட்டாததால் காற்று வீணாகக் கசியும். மிஞ்சுவது ஒரு தட்டையான, காற்றுக் கலந்த சத்தம்.

இதை 1817-லேயே ஒருவர் கவனித்திருக்கிறார். லண்டனில் ஹொக்ஸ்டன் என்ற பகுதியில் வைத்தியம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன். ஆறே ஆறு பேரைப் பார்த்து, அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி, 'நடுக்க வாதம்' பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முற்றிய நிலையில் நோயாளியின் சொற்கள் பிறருக்கு விளங்காமல் போவதும் அதில் வருகிறது. அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் இன்று உலக பார்க்கின்சன் நாளாக வைத்திருக்கிறார்கள்.

குரலில் இன்னொரு சிக்கல் உண்டு. குறைந்துபோனது அவர்களுக்கே தெரியாது. அப்பா தான் வழமைபோலத்தான் கதைக்கிறேன் என்று நம்பினார். "சத்தமாச் சொல்லுங்கோ அப்பா" என்றால், "நான் கத்திக்கொண்டெல்லோ இருக்கிறன்" என்பார். பிடிவாதம் இல்லை, உண்மையிலேயே அவருக்கு அப்படித்தான் கேட்கிறது. தன் குரலைத் தானே அளக்கும் அளவுகோலும் சேர்ந்து சிறுத்துவிட்டது. அதனால்தான் 'சத்தமாக' என்று நாங்கள் சொன்னால் ஒரு வசனத்துக்குக் குரல் ஏறும், அடுத்த வசனத்தில் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

லெவோடோப்பா மாத்திரை அப்பாவின் நடையையும் இறுக்கத்தையும் நன்றாகவே தளர்த்தியது. குரலுக்கு அது அவ்வளவாக உதவவில்லை. கனபேருக்கு அப்படித்தான் என்று வைத்தியரே சொன்னார். குரலுக்கென்று அமெரிக்காவில் 1980-களில் ஒரு பயிற்சி உருவானது. அரிசோனாவில் இந்த நோயோடு வாழ்ந்த லீ சில்வர்மன் என்ற பெண்ணின் பெயரை அதற்கு வைத்தார்கள்; லொரேன் ராமிக் என்ற பேச்சு வல்லுநர் முன்னின்று செய்த வேலை. கிழமைக்கு நான்கு நாளாக நான்கு கிழமை, ஒருவரோடு ஒருவர் இருந்து, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்குவது: பெரிதாக, சத்தமாக. உச்சரிப்பைத் திருத்து, மெதுவாகப் பேசு என்று பத்துக் கட்டளை கிடையாது. சத்தத்தைக் கூட்டினால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்பது அதன் அடிப்படை. நல்ல முறை, அப்பாவுக்கும் பலன் தந்தது. பயிற்சி முடிந்தபிறகு வீட்டில் தனியே இருந்து 'ஆ' என்று இழுக்கத்தான் மனம் வரவில்லை. சுவரைப் பார்த்து எத்தனை நாள்தான் ஒரு மனிதர் கத்துவார்?

அப்பாவுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுத்த பேச்சுச் சிகிச்சையாளர்தான் பாட்டுக் குழுவைப் பற்றிச் சொன்னா.

அப்பா உடனே மறுத்துவிட்டார். "நான் என்ன பாட்டுக்காரனே?" என்றார். அவர் பாடி நாங்கள் கேட்டதேயில்லை. கேட்பார், விடிய எழும்பினால் இலங்கை வானொலியில் பொங்கும் பூம்புனல் போக வேண்டும். பாடுவது வேறு ஆட்களின் வேலை என்ற எண்ணம் எங்கள் ஆட்களிடம் நன்றாக ஊறியிருக்கிறது. சங்கீதம் படித்தவர் பாடுவார், மற்றவர்கள் முன்வரிசையில் இருந்து தலையாட்டுவார்கள். அம்மாதான் அவரைச் சம்மதிக்க வைத்தா. "எனக்கு வீட்டுக்குள்ளயே இருந்து அலுத்துப்போச்சு. எனக்காக ஒருக்கால் வாங்கோவன்" என்றா. அந்த வார்த்தைக்கு அப்பா எழும்பினார்.

நகரசபையின் சமூக மண்டபம். மேடை இல்லை. கைப்பிடியுள்ள கதிரைகளை அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள். கைப்பிடி இல்லாவிட்டால் இவர்களால் எழும்புவது பெரும்பாடு. பாட்டுத் தாளைக் கையில் கொடுப்பதில்லை. நடுங்கும் கைகளில் இருபது தாள் சேர்ந்து சரசரத்தால் பாட்டுக் கேட்காது. பெரிய எழுத்தில் சுவரில் விழுத்துகிறார்கள். அதற்கு இன்னொரு பயனும் உண்டு: தாளைக் குனிந்து பார்க்கிறவரின் நெஞ்சு மடங்கிவிடும், சுவரை நிமிர்ந்து பார்க்கிறவருக்கு மூச்சு உள்ளே போகும். தேத்தண்ணிக் கோப்பையை அரைவாசிக்கு மேல் நிரப்புவதில்லை. யாரோ ஒருவருடைய மாத்திரை நேரத்துக்குத் தொலைபேசி மணி அடித்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாட்டுப் போய்க்கொண்டிருக்கும், அவர் மாத்திரையை விழுங்கிவிட்டு அடுத்த அடியில் வந்து சேர்ந்துகொள்வார். பதினொரு மணிக்குத் தொடங்குவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. காலை மாத்திரை உள்ளே போய், உடம்பு இளகி, கொஞ்சம் சுதந்திரமாக இருக்கிற நேரம் அது.

இசைச் சிகிச்சையாளர் ஒருவரும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். பாட்டு உடனே தொடங்காது. முதலில் முகம்: வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, புருவத்தைத் தூக்கி, கன்னத்தை உப்பி. பிறகு மூச்சு: உள்ளே இழுத்து 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விட வேண்டும். பிறகு அடித்தொண்டையிலிருந்து உச்சிவரை ஒரே இழுவையில் 'ஊ' என்று ஏறி இறங்குவது. கடைசியில் 'ஆ'. அதுவும் இருக்கிற பலம் முழுவதையும் போட்டு. அரைவட்டத்தில் இருந்த அத்தனை பேரும் ஒன்றாக 'ஆ' என்றபோது கண்ணாடி யன்னல் அதிர்ந்தது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சத்தம் போடலாமா என்று கேட்கிற பார்வை. மண்டபத்தில் எல்லாரும் அதே சத்தத்தில் இருந்தார்கள். வீட்டில் 'சத்தமாக' என்று நாங்கள் சொன்னபோது அது அவரைத் திருத்துவதாக இருந்தது. இங்கே எல்லாரும் செய்வதை அவரும் செய்தார். நான் இந்தக் குழுவை இவ்வளவு நேசிப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், பாட்டில் ஒருவரும் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை, நீங்களும் யாரையும் காக்க வைப்பதில்லை. சாதாரணப் பேச்சில் அப்பா வசனத்தைத் தொடங்கவே நேரம் எடுக்கும். சொல் நெஞ்சில் இருக்கும், வாய் அசையாது. அதற்குள் மற்றவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். பாட்டில் தொடங்கும் இடத்தைத் தாளம் காட்டிக் கொடுக்கிறது. உள்ளிருந்து 'இப்போது தொடங்கு' என்று வர வேண்டிய கட்டளை பலவீனப்பட்டிருக்கும்போது, வெளியிலிருந்து காதுவழியாக வரும் தாளம் மூளையில் வேறு பாதையால் போய் அந்த வேலையைச் செய்கிறது என்கிறார்கள். நடைக்கும் இது பொருந்தும். மைக்கல் தௌட் என்ற ஆய்வாளரின் குழு 1996-இலேயே, தாளம் கேட்டபடி மூன்று கிழமை நடந்து பழகிய பார்க்கின்சன் நோயாளிகளின் நடை வேகமும் அடியின் நீளமும் கூடியதைக் காட்டியது. அப்பா சமையலறை வாசலில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். இப்போது அந்த இடத்தில் அம்மா ஒரு பாட்டை முணுமுணுப்பா. தாளத்தின் முதல் அடியில் கால் வாசலைத் தாண்டும்.

நாங்கள் போகிற குழு பின்பற்றும் முறைக்கு ஊர் இந்த மெல்பேர்ண்தான். பார்க்கின்சோங் என்று பெயர். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் இசைச் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த ஜெனட் டாம்ப்ளினும் அவருடன் சேர்ந்தவர்களும் இதை முறையாகப் பரிசோதித்தார்கள். பார்க்கின்சன் உள்ள 75 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். சிலர் கிழமைக்கு ஒருதரம் பாடினார்கள், சிலர் மாதத்துக்கு ஒருதரம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, பாட்டில்லாத வேறு குழுக்களுக்குப் போய்வந்தவர்களும் இருந்தார்கள். முடிவு 2020-ல் வெளிவந்தது. கிழமைதோறும் பாடியவர்களின் குரல் விசை மற்றவர்களைவிடக் கூடியிருந்தது. பாடியவர்களிடம் பதற்றமும் சோகமும் குறைந்திருந்தன. கூட வந்த கணவன் மனைவிமாரின் மனச்சோர்வும் அழுத்தமும் குறைந்திருந்தன என்பதுதான் என்னை நிறுத்தி வாசிக்க வைத்த வரி.

மாதம் ஒருதரம் பாடியவர்களுக்குக் குரலில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். இதை நான் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். நத்தாருக்கு முதல் குழு விடுமுறை விட்டால் தை பிறந்து வகுப்பு மறுபடி தொடங்கும்போது எல்லாருடைய குரலும் இறங்கியிருக்கும். யாராவது நல்ல மனதோடு 'மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைப்போம்' என்று யோசனை சொன்னால், கிழமைக்கு ஒன்று வைக்க முடியாதா என்று திருப்பிக் கேளுங்கள். மாதம் ஒருமுறை கூடிச் சிரித்துவிட்டு வருவது நல்லதுதான். தசைக்கு அது போதாது.

தசை என்று நான் சொல்வது குரலை மட்டும் நினைத்து அல்ல. பாடும்போது வேலை செய்கிற மூச்சுத் தசைகளும் தொண்டைத் தசைகளும் விழுங்குவதற்கும் இருமுவதற்கும் வேண்டியவை. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்டெகமோலர் இந்தக் கோணத்திலிருந்துதான் பாட்டை ஆராய்கிறார். பார்க்கின்சன் முற்றியவர்களின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது நடுக்கமில்லை. உணவோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் போய் வருகிற நிமோனியா. எங்கள் வீட்டில் புட்டு விக்கத் தொடங்கியபிறகு அதைச் சொதியில் நன்றாக ஊறவைத்துத்தான் அப்பாவுக்குக் கொடுக்கிறோம். பாட்டு ஒன்றே இதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பாவின் இருமல் இப்போது பலமாக இருக்கிறது. சளியை வெளியே தள்ளும் இருமல். இந்த நோயைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று விளங்காது.

உலகத்தில் இப்படிப் பாடுகிறவர்கள் எங்கெங்கோ இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-களிலேயே அரிசோனாவில் ஒரு குழு தொடங்கி வேறு ஊர்களுக்கும் பரவியது. ஓக்லாந்து பல்கலைக்கழகத்தின் மூளை ஆய்வு மையத்தில் 2009-ல் தொடங்கிய குழுவில் பார்க்கின்சன் உள்ளவர்களோடு பக்கவாதம் வந்தவர்களும் மறதி நோய் உள்ளவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள். இங்கிலாந்தில் கன்ரபரியிலும் ஒரு குழு இருக்கிறது. இதைவிட அவர்களைப் பற்றி அடுக்கிக்கொண்டு போக விருப்பமில்லை. எங்கள் மண்டபத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை, ஆளுக்கொரு பாட்டுச் சொல்லுங்கள் என்று இசைச் சிகிச்சையாளர் கேட்டா. எல்லாரும் தங்கள் இளவயதில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகளைச் சொன்னார்கள். அப்பாவின் முறை வந்தது. மண்டபமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே காத்திருப்பார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள், அம்மாவிடமும் கேட்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "சுராங்கனி."

அரைவட்டத்தின் மறு கரையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி 'ஆ!' என்று கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டா. வெள்ளைக்காரி என்று நாங்கள் நினைத்திருந்தோம், அவ கொழும்புப் பறங்கி. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபிறகு இலங்கைப் பறங்கியர் குடும்பம் குடும்பமாக அவுஸ்திரேலியாவுக்கு வந்தார்கள். மெல்பேர்ணில் அவர்கள் கனபேர். அவவுக்கும் பார்க்கின்சன்தான். இத்தனை புதன்கிழமையாக அப்பாவுக்கு எதிரே இருந்து பாடியிருக்கிறா, ஒருவருக்கொருவர் ஒரே தீவு என்று தெரியாது. இருவரும் தேத்தண்ணி இடைவேளையில் கதைத்தார்கள். இரண்டு மெல்லிய குரல்கள். இருவருக்கும் மற்றவரின் அவதி தெரியும் என்பதால் யாரும் யாரையும் 'என்ன?' என்று கேட்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார்கள்.

சிலோன் மனோகர் பாடிப் பரப்பிய அந்தப் பைலாப் பாட்டு இந்த நோய்க்கென்றே அமைந்தது போல இருக்கிறது. அதைப் பழக்கும்போது இசைச் சிகிச்சையாளர் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னா. ஒருவர் ஒரு அடியைப் பாட மற்றவர்கள் திருப்பிச் சொல்வதால் மூச்செடுக்க இடைவெளி கிடைக்கிறது. அடிகள் சின்னவை. சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் வாய் திறந்தபடி சத்தத்தை நீட்டலாம். ஆங்கிலப் பாட்டில் மெய்யெழுத்து வந்து வாயை அடைத்துவிடுகிறது. தாளம் துள்ளுவதால் கை தானாகத் தட்டும், தட்டும்போது நெஞ்சு விரியும். பார்க்கின்சன் உள்ள சிலருக்குப் பேச்சுக் கெதிப்பட்டு ஒரு சொல்லின் மேல் ஒரு சொல் விழுந்துவிடும். பைலாவின் தாளம் அவர்களைப் பிடித்து நிறுத்துகிறது. சுருதியை மட்டும் இறக்கி, மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் நடுவில் வைத்தா. இந்த நோயில் குரலின் எட்டும் தூரம் இரண்டு பக்கமும் குறைந்துவிடுவதால் அது கட்டாயம். தமிழும் சிங்களமும் கலந்த சொற்களை ஆங்கில எழுத்தில் சுவரில் விழுத்தினார்கள். கிரேக்கரும் இத்தாலியரும் ஐரிஷ்காரரும் அதை வாசித்துப் பாடினார்கள். தனியடியைப் பாடியவர் அப்பா. அழகான குரல் என்று சொல்ல முடியாது. கடைசி வரிசைக்குக் கேட்டது.

நன்றாகப் பாடத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே மனவருத்தம் கூட. எங்கள் குழுவில் தேவாலயத்தில் பல வருடம் தனிப்பாட்டுப் பாடிய ஒருவர் இருக்கிறா. தன் பழைய குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது, வாயில் வருவது வேறு. முதல் மாதங்களில் பாதியில் எழும்பி வெளியே போய்விடுவா. அமெரிக்கப் பாடகி லிண்டா ரொன்ஸ்டாட் தன்னால் இனிப் பாட முடியாது என்று 2013-ல் வெளிப்படையாகச் சொன்னபோது எத்தனை பேர் கலங்கினார்கள். அவருக்கு முதலில் பார்க்கின்சன் என்றார்கள், பிறகு அதையொத்த இன்னொரு மூளை நோய் என்று தெரிந்தது. இந்த இழப்புக்குக் கூட்டுப் பாட்டு மருந்தாகும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். எங்கள் குழுவின் அந்த அம்மா இப்போது மற்றவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறா. அது அவவே கண்டுபிடித்துக்கொண்ட இடம்.

இன்னும் சில விஷயம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பாட்டு நோயை நிறுத்தாது. அப்பாவின் நடை போன வருடத்தைவிட இந்த வருடம் மோசம். மாத்திரையின் அளவு கூடியிருக்கிறது. பாடுகிறோம் என்று யாரும் மாத்திரையைக் குறைக்கக் கூடாது. ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் குழுவைத் தேடுவதற்கு முதல் பேச்சுச் சிகிச்சையாளரைத் தேடுங்கள். மாத்திரையையும் உணவையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள். இறைச்சி, பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் லெவோடோப்பாவோடு போட்டிபோடும். உங்கள் வைத்தியரிடம் கேட்டு, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் எடுப்பது என்று நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பாட்டு நேரமும் அதை ஒட்டித்தான் அமைய வேண்டும்.

எங்கள் சனத்துக்குக் கூடிப் பாடுவது புதிதில்லை. கோயிலில் பஜனை இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, தேவாலயங்களில் பாடகர் குழு இருக்கிறது. மண்டபமும் தேத்தண்ணியும் எப்போதும் தயார். ஆனால் இன்றைய பஜனையை அப்படியே கொண்டுவந்து வைத்தால் வேலை நடக்காது. ஒருவர் ஒலிவாங்கியில் பாடுகிறார், அந்தச் சத்தத்துக்குள் மற்றவர்கள் வாயை அசைக்கிறார்கள். பார்க்கின்சன் உள்ளவருக்கு அது ஒளிந்துகொள்ள வசதியான இடம். முதலில் ஒலிவாங்கியை நிறுத்த வேண்டும். தன் குரல் தன் காதில் விழ வேண்டும், பக்கத்தில் இருக்கிறவருக்கும் கேட்க வேண்டும். பிறகு, 'சுருதி சேரவில்லை' என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு அங்கே வேலையில்லை. மூன்றாவது, வீட்டுக்காரரும் பாட வேண்டும். காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே தொலைபேசியோடு இருப்பது சரிவராது. அம்மா பாடத் தொடங்கியபிறகுதான் அவ வீட்டில் அப்பாவுக்குத் தாதியாக மட்டும் இருப்பது மாறியது. இரண்டு பேரும் காரில் வரும்போது எந்தப் பாட்டு நல்லது என்று சண்டை பிடிக்கிறார்கள். அப்பா சண்டை பிடிப்பது எங்கள் காதுக்குக் கேட்கிறது!

இந்தச் சண்டையின் இப்போதைய நிலவரத்தையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தவணைக்கு ஒரு தமிழ்ப் பாட்டுத் தரச் சொல்லி இசைச் சிகிச்சையாளர் கேட்டிருக்கிறா. அப்பா பொங்கும் பூம்புனல் காலத்துச் சினிமாப் பாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அவ கேட்டுவிட்டு, எல்லாமே ஒருவர் தனியே பாடவென்று செய்தவை, குரல் கனக்க ஏறி இறங்குகிறது என்றா. அம்மாதான் அம்பாப் பாட்டை நினைவுபடுத்தினா. கரைவலை இழுக்கிறவர்கள் பாடுவது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிற அத்தனை பேரும் ஒன்றாகக் குரல் கொடுத்து இழுப்பார்கள். குரலும் இழுவையும் ஒரே கணத்தில் விழ வேண்டும், இல்லாவிட்டால் வலை நகராது. அம்மாவின் ஊர் கடற்கரை. சின்ன வயதில் விடியற்காலையில் கேட்டிருக்கிறா. கையை முழுதாக நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பெரிதாக இழுக்கும் அந்த அசைவை அவ கதிரையில் இருந்தே செய்து காட்டியபோது பேச்சுச் சிகிச்சையாளர் உடனே பிடித்துக்கொண்டா. கதிரைகளை எதிரெதிராக இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் ஒரு கயிறு வைக்கப் போகிறார்கள். மொத்தக் கயிறு வேண்டும், மெல்லியது கையில் பிடிபடாது. இந்தச் சனிக்கிழமை நானும் அம்மாவும் வாங்கப் போகிறோம்.